மறைத்து ஆடும் வழக்கம்: ஜஸ்டின் ஃபஷானுவும் பின்வந்தோரும்

ஆடிக்கொண்டிருக்கும் காலத்திலேயே தாம் தன்பாலீர்ப்பாளர் என்று பகிரங்கமாகச் சொன்ன முதல் தொழில்முறை உதைபந்தாட்ட வீரர் ஜஸ்டின் ஃபஷானு. 1990 ஒக்டோபர் 22ஆம் திகதி லண்டனின் ‘த சன்’ நாளேடு அதை முதற்பக்கச் செய்தியாக்கியது. அப்போது அவருக்கு வயது 29. அவருக்கு முன்னும் அத்தகையோர் ஆடியிருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் கழகத்தில் சம்பளம் வாங்கும்வரை வாய் திறப்பதில்லை என்பது அத்தொழிலில் யாரும் எழுதிவைக்காத ஒழுங்கு. தன்பாலுறவைக் குற்றமாக்கிய சட்டம் தளர்ந்த பிறகும் அந்த ஒழுங்கு பல பத்தாண்டுகள் தளரவில்லை.

ஃபஷானு 1961 பெப்ரவரி 19ஆம் திகதி லண்டனின் ஹக்னியில் பிறந்தார். தந்தை நைஜீரியர், சட்டத்துறையைச் சேர்ந்தவர். தாய் கயானாவிலிருந்து வந்த தாதி. பெற்றோர் பிரிந்ததும் அவரும் தம்பி ஜோனும் பர்னாடோ சிறுவர் இல்லத்தில் விடப்பட்டார்கள். ஜஸ்டினுக்கு ஆறு வயதானபோது, நோர்ஃபோக் நாட்டுப்புறத்தில் ஷ்ரொப்ஹாம் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஜக்சன் தம்பதியர் இரு பிள்ளைகளையும் வளர்க்க ஏற்றுக்கொண்டனர். கறுப்பு முகத்தைக் காண்பதே அரிதான ஊர் அது. பதின்ம வயதில் குத்துச்சண்டையில் பெயர் எடுத்தார். அதையே தொழிலாக்கிக்கொள்வார் என்றுகூடப் பலர் எண்ணினர். கடைசியில் பந்தைத் தெரிவுசெய்து, அருகிலிருந்த நோர்விச் சிட்டி கழகத்தில் பயிலுநராகச் சேர்ந்தார். 1979 ஜனவரியில் வெஸ்ட் புரொம்விச் அல்பியனுக்கு எதிராக முதல் லீக் ஆட்டம்.

அவர் பெயரை நாடறியச் செய்தது ஒரே ஒரு கோல். 1980 பெப்ரவரி 9ஆம் திகதி நோர்விச்சின் கரோ வீதி மைதானத்தில் எதிரணி லிவர்பூல், அன்றைய இங்கிலாந்துச் சம்பியன். பெனால்டி எல்லைக்கு வெளியே, கோலுக்கு முதுகு காட்டி நின்ற ஃபஷானுவிடம் பந்து வந்தது. வலது காலால் அதை மெல்லத் தூக்கிவிட்டு, உடலைத் திருப்பி, நிலம் தொடுமுன் இடது காலால் அடித்தார். கோல் காப்பாளர் ரே கிளெமென்ஸ் பாய்ந்தும் பயனில்லை. ஆட்டத்தில் நோர்விச் 5-3 எனத் தோற்றது. ஆயினும் பிபிசியின் அந்தப் பருவத்துக்கான சிறந்த கோல் விருது இதற்கே கிடைத்தது. தோற்ற ஆட்டத்தின் கோல் ஒன்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திரும்பத் திரும்பக் காட்டப்படுவது அபூர்வம். நோர்விச்சுக்காக 90 லீக் ஆட்டங்களில் 35 கோல்கள் போட்ட அவர், 21 வயதுக்குட்பட்ட இங்கிலாந்து அணிக்காகவும் 11 முறை ஆடினார்.

அந்தக் காலத்து ஆங்கில மைதானங்களில் கறுப்பு வீரருக்கு வாழைப்பழ வீச்சும் குரங்கொலியும் வாராந்தர அனுபவம். இங்கிலாந்தின் முதன்மை அணிக்கு விவ் அண்டர்சன் என்ற கறுப்பு வீரர் முதன்முதலில் தெரிவானதே 1978 நவம்பரில்தான். இந்தச் சூழலில் 1981 ஓகஸ்டில் நொட்டிங்ஹாம் ஃபொரெஸ்ட் கழகம் ஃபஷானுவைப் பத்து இலட்சம் பவுணுக்கு வாங்கியது. அந்த விலை பெற்ற முதல் பிரித்தானியக் கறுப்பு வீரர் அவர். வயது இருபது.

ஃபொரெஸ்டின் முகாமையாளர் பிரையன் கிளஃப். 1979, 1980 ஆகிய இரு ஆண்டுகளும் தொடர்ந்து ஐரோப்பியக் கிண்ணம் வென்று கொடுத்தவர். ஆட்டக்காரர் தன் சொல்லுக்குக் குறுக்கே நிற்பதைப் பொறுக்காதவர். புதிய முன்கள வீரரின் கால் கோலை மறந்தது: 32 லீக் ஆட்டங்களில் மூன்றே கோல்கள். நகரின் தன்பாலீர்ப்பாளர் விடுதிகளுக்கு ஃபஷானு போய்வருகிறார் என்ற பேச்சும் கிளஃபின் காதுக்கு எட்டியது. அவரை அழைத்துக் கேலியும் கண்டிப்புமாக விசாரித்ததைக் கிளஃப் பின்னர் தன் சுயசரிதையில் தானே எழுதினார். முதன்மை அணியோடு பயிற்சி செய்யக்கூட ஃபஷானுவுக்குத் தடை விழுந்தது. 1982இல் சவுத்ஹம்டனுக்குச் சில வாரம் இரவல் போனார். அவ்வாண்டு முடிவில், ட்ரென்ட் ஆற்றின் மறுகரையிலிருந்த நொட்ஸ் கவுண்டி அவரை 1,50,000 பவுணுக்கு வாங்கியது. பதினாறே மாதத்தில் விலை ஏழில் ஒன்றாகிவிட்டது. தீவிரக் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு அவர் திரும்பியதும் இதே காலத்தில்தான். அந்த நம்பிக்கையும் தன் இயல்பும் அவருக்குள் ஒத்துப்போகவில்லை.

நொட்ஸ் கவுண்டியில் 64 லீக் ஆட்டங்களில் 20 கோல்கள் போட்டு ஓரளவு தலைநிமிர்ந்தார். 1985இல் பிரைட்டனுக்கு மாறியதும் முழங்கால் காயம் அவரை வீழ்த்தியது. சிகிச்சைக்காக அமெரிக்கா போனவர் லொஸ் ஏஞ்சல்ஸ் ஹீட், கனடாவின் எட்மண்டன் பிரிக்மென் எனச் சிறு அணிகளில் ஆடினார். 1989இல் இங்கிலாந்து திரும்பி மான்செஸ்டர் சிட்டி, வெஸ்ட் ஹாம், லெய்ட்டன் ஓரியன்ட் என்று கழகம் கழகமாக ஏறி இறங்கினார். எங்கும் விரல்விட்டு எண்ணும் ஆட்டங்கள்தான். ‘த சன்’ செய்தி வெளிவந்தது இந்த நிலையில்.

அந்தச் செய்தி வெளிவந்த இங்கிலாந்தில் சட்டம் ஒரு பக்கமும் மனம் இன்னொரு பக்கமும் நின்றன. 21 வயது கடந்த இரு ஆண்கள் தனிமையில் மனமொத்து உறவுகொள்வதை 1967ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கியிருந்தது. ஆனால் 1980களில் எய்ட்ஸ் நோயைப் பற்றிய பீதியை நாளேடுகள் ஊதிப் பெருக்கின. 1987ஆம் ஆண்டின் பிரித்தானியச் சமூக மனப்பாங்கு ஆய்வில் நால்வரில் மூவர் தன்பாலுறவைத் தவறென்றனர். தன்பாலீர்ப்பை ‘ஊக்குவிக்க’ உள்ளூராட்சி சபைகளுக்குத் தடைவிதித்த 28ஆம் பிரிவு 1988இல் சட்டமாயிற்று. உதைபந்தாட்டத்துக்கென்று வேறு காரணங்களும் இருந்தன. ஒப்பந்தம் முடிந்த வீரர் வேறிடம் போனாலும் அவருக்குக் கழகம் விலை கேட்க முடிந்த காலம் அது. 1995இன் பொஸ்மன் தீர்ப்பு வரை அந்நிலை மாறவில்லை. வீரர் என்பவர் கழகத்தின் கையிலுள்ள சரக்கு. அவரைப் பற்றிய எந்தப் பேச்சும் விலையைத் தொடும். அணி முழுவதும் ஒரே அறையில் உடைமாற்றி ஒரே தொட்டியில் குளித்தது. சனிக்கிழமை தோறும் ஆயிரக்கணக்கானோர் எதிரணி வீரரின் பலவீனத்தைத் தேடிப் பாட்டுக் கட்டினார்கள்.

செய்தியை நாளேட்டுக்குக் கொடுத்தவர் ஃபஷானுவே. அதற்குப் பணமும் பெற்றார். முதல் அடி குடும்பத்திலிருந்து விழுந்தது. தம்பி ஜோன், 1988இல் எஃப்.ஏ. கிண்ணம் வென்ற விம்பிள்டன் அணியின் முன்கள வீரர். ‘த வொய்ஸ்’ என்ற கறுப்பினத்தவர் வார இதழில் அவர் அண்ணனை ஒதுக்கப்பட்டவராக்கிப் பேசினார். பல ஆண்டு கழித்து அதற்காக வருந்துவதாகவும் சொன்னார். கூட ஆடியவர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்டார்கள் என்று ஜஸ்டின் கூறியதுண்டு. அதே வாயால், அவர்களின் நையாண்டி குத்தலாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை. மைதானத்துக் கூச்சலோ ஓயவேயில்லை.

இந்த அறிவிப்பு அவர் ஆட்ட வாழ்வை முடித்துவிட்டது என்று பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. நிகழ்ச்சிகளின் ஒழுங்கு அப்படிச் சொல்லவில்லை. சரிவு 1981இல் ஃபொரெஸ்டில் தொடங்கியது; முழங்கால் அதை விரைவாக்கியது. அறிவிப்புக்குப் பிறகு டோர்கி யுனைட்டெட்டில் முதல் பருவத்தில் 21 லீக் ஆட்டங்களில் 10 கோல்கள் போட்டார். முழங்கால் போன, முப்பது தாண்டிய வீரருக்கு அது நல்ல கணக்கு. அங்கே துணை முகாமையாளர் பொறுப்பும் கிடைத்தது. பிறகு ஸ்கொட்லாந்தின் எயார்ட்ரி, சுவீடனின் ட்ரெல்லபோர்க், எடின்பரோவின் ஹார்ட்ஸ். அறிவிப்பு பறித்தது வேறொன்றை. அதன்பின் அவர் எந்தக் கழகத்துக்கு வந்தாலும் பந்துக்கு முன்னே அவரைப் பற்றிய கதை வந்து சேர்ந்தது. அந்தக் கதைக்கு அவரும் எண்ணெய் ஊற்றினார் என்பதையும் சொல்ல வேண்டும். அரசியல்வாதிகளோடு தொடர்பிருந்ததாகப் பொய்க் கதைகளை நாளேடுகளுக்கு விற்க முயன்றதால் 1994இல் ஹார்ட்ஸ் அவரை நீக்கியது. அவரைத் தியாகியாக மட்டும் தீட்டும் எழுத்துகள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விட்டுவிடுகின்றன.

1997இல் நியூசிலாந்தின் மிராமார் ரேஞ்சர்ஸ் அணியில் ஆடியபின், அமெரிக்காவின் மேரிலாந்தில் பயிற்றுநராகப் போனார். 1998 மார்ச்சில் பதினேழு வயது இளைஞர் ஒருவர் அவர் மீது பாலியல் வன்முறைப் புகார் கொடுத்தார். பொலிஸார் விசாரித்தபின் ஃபஷானு இங்கிலாந்துக்குப் புறப்பட்டுவிட்டார். மே மாதத் தொடக்கத்தில் லண்டன் ஷோர்டிச்சில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார், வயது 37. உறவு இருவர் சம்மதத்தோடும் நடந்தது, தனக்கு நியாயமான விசாரணை கிடைக்காது என்று அவர் விட்டுச்சென்ற குறிப்பு கூறியது. மேரிலாந்தில் அன்று ஆணும் ஆணும் மனமொத்துக் கொள்ளும் உறவுகூடச் சட்டப்படி குற்றம்தான். புகார் நீதிமன்றம் வரவேயில்லை. ஆகவே அதன் உண்மை எந்தப் பக்கமும் தீர்க்கப்படாமல் நின்றுவிட்டது.

அவர் இறந்து பத்தாண்டு கழித்து, 2008இல், அவர் பெயரில் ‘ஜஸ்டின் இயக்கம்’ இங்கிலாந்தில் தொடங்கியது. கழகங்களையும் இரசிகர்களையும் பேசவைப்பது அதன் நோக்கம். பேச அழைத்தவர்களுக்குப் பதில் எளிதில் கிடைக்கவில்லை. தன்பாலீர்ப்பு வெறுப்புக்கு எதிராக இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் தயாரித்த குறும்படத்தின் வெளியீடு 2010இல் கைவிடப்பட்டது. முன்னணி வீரர் எவரும் அதில் முகம் காட்டவும் முன்வந்திருக்கவில்லை. பாலீர்ப்பைக் காரணமாக்கி வேலையில் பாகுபாடு காட்டுவது பிரித்தானியாவில் 2003 டிசம்பரிலிருந்தே சட்டவிரோதம். வங்கி, பள்ளிக்கூடம், இராணுவம், பாராளுமன்றம் எல்லாம் மாறிக்கொண்டிருந்தபோது மைதானம் மட்டும் பழைய இடத்திலேயே நின்றது.

அடுத்த குரல்கள் இங்கிலாந்துக்கு வெளியே கேட்டன. 2011 மார்ச்சில் சுவீடனின் நான்காம் நிலைக் கழகமான உட்சிக்டென்ஸ் அணியின் அன்டன் ஹைசென், ‘ஒஃப்சைட்’ என்ற விளையாட்டு இதழில் தன்னைப் பற்றிச் சொன்னார். அவர் தந்தை கிளென் ஹைசென் லிவர்பூலுக்கு ஆடியவர். 2013 பெப்ரவரியில் அமெரிக்கத் தேசிய வீரர் ரொபி ரொஜர்ஸ் லீட்ஸ் யுனைட்டெட்டை விட்டு நீங்கியபின் உண்மையைச் சொன்னார். கூடவே, 25 வயதிலேயே, ஆட்டத்திலிருந்து விலகுவதாகவும் சொன்னார். சொல்லிவிட்டு ஆட முடியும் என்று அவரே அப்போது நம்பவில்லை. மூன்று மாதத்தில் மனம் மாறியது. மே 26ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் கலக்ஸி அணிக்காகக் களமிறங்கினார்; 2014இல் அவ்வணியோடு அமெரிக்க லீக் கிண்ணத்தையும் வென்றார். உயர்மட்ட அணியொன்றில் வெளிப்படையாக ஆடி, கிண்ணமும் தூக்கி, காயத்தால் 2017இல் சாதாரணமாக ஓய்வுபெற்ற அந்த வாழ்க்கையை ஃபஷானுவின் வாழ்க்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இடையில் கழிந்தது இருபத்துச் சொச்சம் ஆண்டு.

ஜேர்மனிக்காக 52 ஆட்டங்கள் ஆடிய தோமஸ் ஹிட்ஸ்ல்ஸ்பேர்கர் 2014 ஜனவரியில் பேசினார். அதற்குச் சில மாதம் முன்பே ஓய்வுபெற்றிருந்தார். ஓய்வுக்குப் பின் பேசுவதே ஐரோப்பாவின் பெரிய லீக்குகளில் நீண்டகாலம் வழக்கமாயிருந்தது. 2021 ஒக்டோபரில் அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் யுனைட்டெட் வீரர் ஜோஷ் கவல்லோ, ஆடிக்கொண்டிருக்கும்போதே காணொளி ஒன்றில் பேசினார். உலகம் வாழ்த்தியது. ஆனால் அடுத்த ஜனவரியில் மெல்பேர்ன் மைதானத்தில் இரசிகர் சிலரின் வசைக்கும் அவர் ஆளானார். இங்கிலாந்தில் அந்த நாள் 2022 மே 16ஆம் திகதி வந்தது. பிளக்பூல் கழகத்தின் 17 வயது முன்கள வீரர் ஜேக் டேனியல்ஸ், ஃபஷானுவுக்குப் பின் பிரித்தானியாவில் ஆடிக்கொண்டிருக்கும்போதே தன் பாலீர்ப்பை அறிவித்த முதல் தொழில்முறை வீரரானார். இரண்டுக்கும் இடைவெளி ஏறத்தாழ 32 ஆண்டு. டேனியல்ஸ் பிறக்குமுன்பே ஃபஷானு இறந்துவிட்டார். 2023 பெப்ரவரியில் செக் தேசிய வீரர் யாக்குப் யாங்க்டோ சேர்ந்துகொண்டார். 2020இல் மான்செஸ்டரிலுள்ள தேசிய உதைபந்தாட்ட அருங்காட்சியகம் ஃபஷானுவைத் தன் புகழ்மண்டபத்தில் சேர்த்திருந்தது.

பெண்கள் ஆட்டத்தின் வரலாறு இதற்கு நேர்மாறு. 1920களில் டிக் கேர் மகளிர் அணியின் நட்சத்திரமான லிலி பார் தன் துணைவியோடு வாழ்ந்தவர். 1921 டிசம்பரில் பெண்கள் ஆட்டத்தைத் தன் மைதானங்களிலிருந்தே இங்கிலாந்துச் சங்கம் விரட்டியது. அந்த ஆட்டம் ஐம்பது ஆண்டு ஓரத்தில் கிடந்தது. ஓரத்தில் கிடந்ததற்கு ஒரு பலன்: விலையும் கூட்டமும் நாளேடும் இல்லாத இடத்தில் மறைக்க வேண்டிய கட்டாயமும் குறைவு. அமெரிக்க வீராங்கனை மேகன் ரப்பினோ 2012இல் தன் பாலீர்ப்பைச் சொன்னபோது அவர் தொழில் போகவில்லை.

பிரான்ஸில் இன்னொரு வழி முயன்று பார்க்கப்பட்டது. ‘பாரிஸ் ஃபூட் கே’ என்ற பொழுதுபோக்குக் கழகம் 2003இல் தொடங்கியது. தன்பாலீர்ப்பாளரும் அல்லாதாரும் ஒன்றாக ஆடிய அணி அது. அதற்கு முன்னின்று ஆதரவு தந்தவர் 2006 உலகக் கிண்ண வீரர் விகாஷ் தொராசு. மொரிஷியஸ் வழி வந்த இந்திய வம்சாவளியினர்; தன்பாலீர்ப்பாளர் அல்லர். 2009இல் எதிரணியொன்று மத நம்பிக்கையைக் காட்டி இக்கழகத்தோடு ஆட மறுத்தபோது விவகாரம் நாடு முழுதும் பேசப்பட்டது. 2015இல் கழகம் கலைந்தது.

இந்தக் கதை இலங்கையின் மன்னார்க் கரைக்கும் அந்நியமானதன்று: அங்கே உதைபந்தும் தன்பாலுறவுக் குற்றச் சட்டமும் ஒரே கையால் வந்தவை. பிரித்தானியர் 1862இல் இந்தியாவில் நடைமுறைப்படுத்திய தண்டனைச் சட்டக்கோவையின் 377ஆம் பிரிவு, 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் 365ஆம் பிரிவாயிற்று. இங்கிலாந்தில் ஒஸ்கார் வைல்டைச் சிறைக்கு அனுப்பிய 1885ஆம் ஆண்டு வாசகத்தின் வழியில் 365அ பிரிவும் இலங்கைச் சட்டக்கோவையில் இடம்பெற்றது. தண்டனை இரண்டு ஆண்டுவரை சிறை. 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியபோது, பாக்கு நீரிணையின் இரு கரையிலும் இவ்விடயத்தில் ஒரே மூலத்துச் சட்டம்தான். 1964 டிசம்பர்ப் புயலோடு தனுஷ்கோடிக்கான கப்பல் நின்றது. சட்டம் இரு கரையிலும் நின்றபடி நின்றது.

ஆட்டமோ இக்கரையில் வேர்விட்டது. தலைமன்னார், பேசாலை, வங்காலை போன்ற கத்தோலிக்கக் கரையூர்களில் விளையாட்டு என்றாலே உதைபந்தாட்டம்தான். கழகங்கள் பல புனிதர்களின் பெயர் கொண்டவை. ஆடுவோர் மாணவரும் கடற்றொழிலாளரும்; சம்பளம் கிடையாது. தொழில்முறை லீக் என்ற பெயரில் ‘சூப்பர் லீக்’ இலங்கையில் தொடங்கியதே 2021இல்தான். ஆதலால் ஃபஷானுவைச் சூழ்ந்த ஒப்பந்தமும் விலையும் இங்கே இல்லை. இங்கே அணியும் தேவாலயப் பங்கும் உறவினரும் ஒரே வட்டம். கழகத்தை விட்டுப் போனால் மாறிச் சேர அடுத்த தெருவில் இன்னொரு கழகம் இருக்கலாம். அங்கும் அதே முகங்கள்தான் இருக்கும்.

இலங்கையின் உள்நாட்டுப் போர் இந்த வட்டத்தைக் கலைத்துப் போட்டது. 1990இல் தலைமன்னார் ரயில் நின்றது. தலைமன்னார்க் கரையிலிருந்து படகேறியோர் இராமேஸ்வரத்துக்கும் மண்டபம் முகாமுக்கும் போனார்கள். அந்த ஒக்டோபர்க் கடைசியில் மன்னாரின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் பக்கம் போனார்கள். வேறு பலர் லண்டன், ரொறன்ரோ, பாரிஸ் என்று சிதறினார்கள். இதன் விளைவாக ஒரே ஊரின் பிள்ளைகள் இன்று வெவ்வேறு சட்டங்களின் கீழ் பந்து உதைக்கிறார்கள். லண்டனில் ஆடுபவருக்கு 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் துணை. தமிழக முகாமில் இருப்பவருக்கு, இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2018 செப்டெம்பர் 6ஆம் திகதி வழங்கிய தீர்ப்பால் 377ஆம் பிரிவின் அச்சம் நீங்கிவிட்டது. அத்தீர்ப்பு வந்து எட்டு மாதத்தில் ஒடிசாவின் ஓட்டவீராங்கனை டூட்டி சந்த் தன் துணைவியைப் பற்றிப் பகிரங்கமாகப் பேசி, இந்தியாவில் அப்படிப் பேசிய முதல் விளையாட்டுப் பிரபலமானார். சொந்த ஊரிலும் குடும்பத்திலும் எதிர்ப்பு வந்தது, பொலிஸ் வரவில்லை.

நீரிணையின் இப்பக்கம் 365, 365அ பிரிவுகள் அகலவில்லை. 1995இல் 365அ இன்னும் விரிந்தது: ‘ஆண்’ என்றிருந்த இடத்தில் ‘ஆள்’ என்று திருத்தியதால் பெண்களும் அதற்குள் வந்தனர். 2016இல் உயர் நீதிமன்றம், வயதுவந்தோர் மனமொத்துச் செய்வதற்குச் சிறை பொருத்தமற்றது என்ற போக்கில் பேசி, தண்டனையை ஒத்திவைத்தது, சட்டத்தைத் தொடவில்லை. தன்பாலீர்ப்பாளர் உரிமைச் செயற்பாட்டாளர் ரொசானா ஃபிளேமர்-கல்தேரா தொடுத்த முறைப்பாட்டில், பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு 2022இல் இலங்கை அவருடைய உரிமைகளை மீறியதாகத் தீர்ப்பளித்தது. பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த இப்பிரிவுகளைத் திருத்தத் தனியார் சட்டமூலம் கொண்டுவந்தார். அது அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் அறிவித்தது. வாக்கெடுப்புக்கு வராமலே 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்தது.

இலங்கை 1952 முதல் ஃபிஃபாவின் உறுப்பு நாடு. பாலீர்ப்பைக் காரணமாக்கி எந்த வீரரிடமும் பாகுபாடு காட்டலாகாது, காட்டும் சங்கம் இடைநிறுத்தப்படலாம் என்கிறது ஃபிஃபா சாசனத்தின் 4ஆம் பிரிவு. மன்னாரில் பதிவுபெற்ற கழகமொன்றில் ஆடுபவரை அந்தச் சாசனமும் 1883ஆம் ஆண்டின் சட்டக்கோவையும் ஒருங்கே கட்டுப்படுத்துகின்றன.